மடியில் மட்டும் மஞ்சள் முடி

“பூனை காணோம்னு துப்பறியற ஆபீசுக்கு யாராவது வருவாங்களா, பாஸ்?” என்று விசிலண்ணன் கேட்டார்.

“வந்திருக்காங்க. உங்களுக்குப் பின்னாடிதான் உட்கார்ந்திருக்காங்க. மெதுவா பேசுங்க.”

“மெதுவாத்தான் பேசறேன். இருபத்தெட்டு வருஷம் பஸ் கண்டக்டரா இருந்தவன். எனக்கு மெதுவான்னா இதான்.”

பின்னால் உட்கார்ந்திருந்த தையல்காரம்மா கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

“காணாமப்போனது என் பூனை இல்ல, கண்டக்டரே. என் பஞ்சு ஆஸ்பத்திரியில கிடக்குது. காணாமப்போனது அதைக் காப்பாத்த வேண்டிய பூனை. இன்னிக்கு நாலு மணிக்குள்ள அது வரணும். வரலைன்னா என் பஞ்சு இல்ல.”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து ஐம்பது.

நான் நோட்டை எடுத்து மூன்று கட்டம் போட்டேன். தெரிந்தவை. தெரியாதவை. தெரியும் என்று நான் நினைப்பவை. மாலை வகுப்பில் எனக்குத் துப்பறியக் கற்றுக்கொடுத்தவர் முதல் இரண்டு கட்டங்களைத்தான் சொன்னார். மூன்றாவது நானே சேர்த்துக்கொண்டது. இதுவரை எடுத்த பதினோரு வழக்குகளிலும் நான் தப்பு செய்த இடம் அந்த மூன்றாவது கட்டம்தான்.

“பஞ்சுவுக்கு என்ன?”

“வயித்துல தண்ணி கோத்துக்கிற வைரஸ். முந்தாநாள் வரைக்கும் மிஷினுக்கு அடியில வெட்டுத் துணியில படுத்துட்டு மிதியை எட்டிப் பிடிச்சிட்டு இருந்தது. இப்ப வயிறு மத்தளம் மாதிரி இருக்கு. இந்த நோய் வந்தும் ஒண்ணும் ஆகாத பூனைங்க சிலது இருக்காம். அதோட ரத்தத்துல இருந்து எடுக்கிற மருந்தைக் கொடுத்துப் பார்க்கறாங்க. பஞ்சுவோட ரத்த வகை அபூர்வம். அதே வகையில ஊருக்கே ஒரே பூனைதான் இருக்கு. அதுக்குப் பேர்கூட இல்ல, நாலாம் நம்பர். பத்து நாளைக்கு முன்னாடி ஓடிப்போச்சாம்.”

“யார் வீட்டுப் பூனை?”

“வயலின் டீச்சர் வீடு. தங்கமான மனுஷி. என் பஞ்சு போட்ட நாலு குட்டியையும் அவங்கதான் வாங்கிட்டுப் போயி நல்ல வீடா பார்த்துக் கொடுத்தாங்க.” அவர் எழுந்தார். “நான் ஆஸ்பத்திரியிலேயே இருக்கேன். உள்ள விட மாட்டாங்க. கண்ணாடி வழியா பார்த்துக்கிட்டாவது இருக்கேன்.”

அவர் படியிறங்கிய பிறகு விசிலண்ணன் தொப்பியை எடுத்து மாட்டினார். “அஞ்சு மணி நேரம், ஒரு பூனை. ஊர்ல எத்தனை கூரை இருக்குன்னு தெரியுமா, பாஸ்?”

“முதல்ல ஆஸ்பத்திரி,” என்றேன்.

*

விலங்கு மருத்துவமனையின் மூன்றாவது மாடி. டாக்டரின் வெள்ளைக் கோட்டுப் பையில் நான்கு பேனாக்கள் உயர வரிசையில் நின்றன. நாற்பது வயதுக்குள் இருக்கும். பேசும்போது நம் முகத்தைப் பார்க்காமல் நமக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்ப்பார். சுவர் முழுக்க ஓர் அட்டவணை. மாதங்கள் குறுக்கே, பூனைகளின் எண்கள் நெடுக்கே. அதைப் பார்த்தபடியே பேசினார்.

“இந்த வைரஸ் முத்தினா பத்துல ஒன்பது சாகும். பத்தாவதும் சாகும், கொஞ்சம் லேட்டா. எப்பவாவது ஒண்ணு, வந்ததே தெரியாத மாதிரி உலாத்தும். அதோட ரத்தத்துல என்ன இருக்குன்னு கண்டுபிடிச்சா மருந்தைக் கண்டுபிடிச்ச மாதிரி.”

“அந்த மாதிரிப் பூனைங்களை நீங்களே உண்டாக்க முடியாதா?” என்றேன்.

“கூடாது. வேணும்னே நோயைக் கொடுக்க அனுமதி கேட்டோம். மறுத்துட்டாங்க.” அந்த வார்த்தையை எலுமிச்சை கடித்தவர் மாதிரி சொன்னார். “அதனால வீட்டுப் பூனைங்க மட்டும்தான். நோய் தானா வந்திருக்கணும், தானா தப்பிச்சிருக்கணும். சொந்தக்காரங்க மாசம் ஒரு தடவை கொண்டு வருவாங்க. கழுத்துல கொஞ்சம் ரத்தம். அன்னிக்கே வீட்டுக்குப் போயிடும்.”

“எத்தனை கிடைச்சது?”

“ரெண்டு வருஷத்துல நாலு. முதலாவது ஒரு சலூன்காரர் வீட்டுப் பூனை. கிழடாயிச் செத்துப்போச்சு. ரெண்டு, மூணு, நாலு, மூணுமே டீச்சர் வீடு.”

விசிலண்ணன் இருமினார். “ஒரே வீட்டுல மூணு தடவை லாட்டரி விழுந்தா, டாக்டர், நாங்க அந்த லாட்டரிக் கடைக்காரனைத்தான் முதல்ல விசாரிப்போம்.”

“ஒரே தாயோட வம்சமா இருக்கலாம்,” என்றார் டாக்டர். சட்டென்று வந்த பதில். நான் அதைத் ‘தெரிந்தவை’ கட்டத்தில் எழுதி, யோசித்து, அடித்து, மூன்றாவது கட்டத்துக்கு மாற்றினேன்.

நான்காம் எண்ணின் படம் கேட்டேன். ஒரு வீடியோ காட்டினார். ரத்தம் எடுத்து முடிந்ததும் எடுத்தது. மேசைமேல் ஒரு மஞ்சள் ஆண் பூனை, கழுத்தில் மழித்த தடம். பக்கத்தில் கதவு திறந்த ஒரு கூண்டு. பூனை கூண்டைப் பார்த்தது, எழுந்தது, தானாக உள்ளே போய், திரும்பி, முன்னங்கால்களை மடித்து உட்கார்ந்துகொண்டது.

“மறுபடி போடுங்க,” என்றார் விசிலண்ணன். மறுபடி போனது. “பாஸ், நான் என் கல்யாண மண்டபத்துக்குள்ளகூட இவ்வளவு விருப்பமா போனதில்ல.”

“நல்லா பழக்கியிருக்காங்க,” என்றார் டாக்டர்.

கிளம்புமுன் அந்தச் சுவர் அட்டவணையை முழுவதும் நோட்டில் எழுதிக்கொண்டேன். எந்த அறைக்குப் போனாலும் சுவரில் உள்ளதை எழுதிக்கொள்வேன். எது முக்கியம் என்று அப்போதே பிரிக்கிற அளவுக்கு எனக்கு என்மேல் நம்பிக்கை இல்லை. விசிலண்ணன் வாசலில் நின்று பெருமூச்சு விட்டார்.

வழியில் நோயாளிப் பூனைகளின் அறை. தையல்காரம்மா கண்ணாடியில் நெற்றியை முட்டி நின்றிருந்தார். ஒன்பதாம் கூண்டில் வெட்டுத் துணிகளின்மேல் வெள்ளையாக ஏதோ கிடந்தது. மூச்சு விடும்போதுதான் அது பூனை என்று தெரிந்தது.

“உங்க பஞ்சுவைக் கூண்டுல போட எவ்வளவு நேரம் ஆச்சு?” என்று கேட்டேன்.

அவர் கையை நீட்டினார். முழங்கைவரை கீறல். “மூணு பேர், ஒரு போர்வை, கால் மணி நேரம். பக்கத்துக் கடைக்காரருக்கு ரெண்டு தையல். போட்டது நான் இல்ல, டாக்டர்தான்.”

விசிலண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வீட்டுப் பூனைக்குக் கூண்டு என்றால் சிறை. கூண்டைப் பார்த்ததும் தானாக உள்ளே போய்க் கால் மடிக்கிற பூனைக்கு எது வீடு?

*

டீச்சர் வீட்டு வாசலில் நின்றபோது மணி ஒன்று பத்து. உள்ளே இரண்டு மாணவர்கள் வயலின் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

“தேட வேணாம், பாஸ்,” என்று விசிலண்ணன் காதைப் பொத்திக்கொண்டார். “காணாமப்போன பூனை அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு. யாரோ அதை அறுக்கறாங்க.”

டீச்சர் மாணவர்களை அனுப்பிவிட்டு எங்களை உட்காரச் சொன்னார். ஐம்பது வயது. இறுக்கிக் கட்டிய நரைக் கொண்டை, கறுப்பு கவுன், தாழ்ந்த குரல். சுவரில் ஒரு சிறிய அச்சடித்த தாள் ஒட்டியிருந்தது. அதே தாளை வரும் வழியில் எட்டு விளக்குக் கம்பங்களில் பார்த்திருந்தேன்: ‘வளர்க்க முடியாத பூனைக்குட்டியைத் தெருவில் விடாதீர்கள். என்னிடம் தாருங்கள். நல்ல வீடு காத்திருக்கிறது.’

“ஜன்னல் திறந்திருந்தது. பாத்திரம் கழுவிட்டு வந்து பார்க்கறேன், காணோம்,” என்றார் டீச்சர். “பத்து நாளாத் தேடாத இடம் இல்ல.”

நான் அறையைப் பார்த்தேன். சோபாவின் ஓரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. திரைச்சீலையின் நுனி பிசிறாமல் இருந்தது. மேசை விரிப்பு இஸ்திரி மடிப்பு கலையாமல் கிடந்தது. மூன்று பூனை வளர்கிற வீடு இது.

“நாலாம் நம்பர் ராத்திரி எங்க படுக்கும்?”

“என் மடியிலதான். அங்கேயே தூங்கிடும்.”

டீச்சர் ஆஸ்பத்திரிக்கு நிரப்பிக் கொடுத்த விண்ணப்பங்களின் நகலை டாக்டரிடம் வாங்கி வந்திருந்தேன். ‘செல்லப் பிராணி வழக்கமாகத் தூங்கும் இடம்’ என்ற கேள்விக்கு இரண்டாம் எண்ணுக்கும் ‘என் மடியில்’. மூன்றாம் எண்ணுக்கும் ‘என் மடியில்’. நான்காம் எண்ணுக்கும் அதேதான்.

விசிலண்ணன் எட்டிப் பார்த்தார். “மடியா டீச்சர், மூணு பேர் சீட்டா?”

டீச்சர் சிரித்தார். சிரித்தபடி மடியைத் தட்டிவிட்டுக்கொண்டார். அந்தத் தட்டலால்தான் பார்த்தேன். கறுப்பு கவுனில் தோள் சுத்தம், கை சுத்தம், கீழ் விளிம்பு சுத்தம். மடியில் மட்டும் மஞ்சள் முடி.

தப்பாகப் பார்க்கிறேனோ என்று இரண்டு முறை சரிபார்த்தேன். பிறகு கேட்டேன். “கவுன் நல்லா இருக்கு, டீச்சர். புதுசா?”

“ஐயோ, எட்டு வருஷம் ஆச்சு. நேத்துதான் துவைச்சுப் போட்டேன்.”

“பத்து நாளைக்கு முன்னாடி ஓடிப்போன பூனை, நேத்து துவைச்ச துணியில எப்படி முடி கொட்டிச்சு?”

டீச்சரின் கை மடியில் நின்றது. வீடு அமைதியானது. அந்த அமைதியில் படுக்கையறைக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ நகத்தால் இரண்டு முறை பிறாண்டினார்கள்.

“உள்ள யாரு, டீச்சர்?” என்றார் விசிலண்ணன். “மாணவரா?”

டீச்சர் எழுந்து கதவைத் திறந்தார். மஞ்சள் பூனை வெளியே வந்தது, எங்களைப் பொருட்படுத்தவில்லை, டீச்சர் உட்காரும்வரை காத்திருந்து மடியில் ஏறிக்கொண்டது. கழுத்தில் மழித்த இடத்தில் முடி பாதி வளர்ந்திருந்தது.

மணி ஒன்று முப்பத்தைந்து. பூனை கிடைத்துவிட்டது. எனக்கு இவ்வளவு சீக்கிரமாக எதுவும் கிடைத்ததில்லை. அதனாலேயே பயமாக இருந்தது.

“ஏன் ஒளிச்சு வெச்சீங்க?”

அவர் பதில் சொல்வதற்குள் சமையலறையிலிருந்து விசிலண்ணனின் குரல். தண்ணீர் குடிக்கப் போனவர். “டீச்சர், மூணு பூனைக்குப் பத்தொன்பது கிண்ணமா? ஒவ்வொண்ணும் சொந்தக்காரங்களைக் கூட்டிட்டு வருதா?”

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

சமையலறையை அடுத்து ஒரு கதவு. கதவிடுக்கில் ஈரத் துணி திணித்திருந்தது. பினாயில் வாசனை, அதற்கு அடியில் பினாயிலால் மறைக்க முடியாத வாசனை. விசிலண்ணன் துணியை உருவினார். கதவைத் திறந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவரோடு வேலை செய்யும் ஒன்றரை வருடத்தில் அவருக்கு ஒரு நகைச்சுவை கிடைக்காமல் போனது அன்றுதான்.

மூன்று தட்டாகக் கூண்டுகள். ஒவ்வொரு கூண்டிலும் இரண்டு. ஒன்று வயிறு வீங்கிப் படுத்திருந்தது. இன்னொன்று குட்டி. அந்தக் குட்டி நலமாக இருந்தது, விளையாடக் கூப்பிட்டது, படுத்திருப்பதன் வாலைக் கடித்து இழுத்தது. படுத்திருப்பது வாலை நகர்த்தவில்லை. சில கூண்டுகளில் இரண்டுமே படுத்திருந்தன. ஒரு தட்டின் ஓரத்தில் இரண்டு பெரிய பூனைகள் தனியாக, கொழுகொழுவென்று, கால் மடித்து உட்கார்ந்திருந்தன. இரண்டாம் எண், மூன்றாம் எண்.

கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு இசை நோட்டு தொங்கியது. ஐந்து கோடு போட்ட தாள். நான் பிரித்தேன். பக்கம் பக்கமாகக் கறுப்பு வட்டங்கள், ஒவ்வொன்றின் கீழும் சிறிய எழுத்தில் ஒரு தேதி, ஒரு இடம்.

“இது என்ன பாட்டு?” என்றார் விசிலண்ணன். கேலியாக இல்லை. நிஜமாகவே கேட்டார்.

“பாட்டு இல்ல,” என்றார் டீச்சர் எங்களுக்குப் பின்னாலிருந்து. மஞ்சள் பூனையை மார்போடு அணைத்திருந்தார். “நிரப்பினது செத்தது. நிரப்பாதது தப்பிச்சது.”

நான் எண்ணினேன். எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. எழுபத்து மூன்று வட்டங்கள். மூன்று வெள்ளை. ஐம்பத்தெட்டு கறுப்பு. மீதிப் பன்னிரண்டு இன்னும் எதுவென்று முடிவாகாமல், பென்சிலால் கோடு மட்டும் போட்டு. ஏழாவது பக்கத்தில் நான்கு கறுப்பு வட்டங்கள் சேர்ந்தாற்போல் நின்றன. கீழே: ‘தையல் கடை, 4.’

விசிலண்ணன் அந்தப் பக்கத்தின்மேல் கையை வைத்து மூடினார். நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் மூடினார்.

“என் பூனை இந்த நோய்லதான் போச்சு,” என்றார் டீச்சர். “மூணு வருஷம் முன்னாடி, இதே வீட்டுல, பதினோரு நாள் கத்திட்டு. டாக்டர்கிட்ட அழுதேன். ‘தப்பிச்ச பூனை ஒண்ணு கிடைச்சிருந்தா காப்பாத்தியிருக்கலாம், ஆனா அது தானாக் கிடைக்கணுமே’ன்னாங்க. தானாக் கிடைக்கற வரைக்கும் எத்தனை பூனை இப்படிக் கத்திச் சாகும்? நீங்களே சொல்லுங்க. தெருவுல விட்டா இந்தக் குட்டிங்க எப்படியும் சாகப்போறதுதானே?”

“நல்ல வீடு காத்திருக்குன்னு போட்டிருந்தீங்களே,” என்றார் விசிலண்ணன்.

டீச்சர் பூனையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார்.

“டாக்டருக்கு இது தெரியுமா?” என்றேன்.

“அவங்க இங்க வந்ததே இல்ல. ஒரு வார்த்தை கேட்டதும் இல்ல.”

கேட்காமலே தெரிந்துகொள்ளும் ஆட்கள் உண்டு. நான் நோட்டைப் புரட்டி, ஆஸ்பத்திரிச் சுவரிலிருந்து எழுதிய அட்டவணையைப் பார்த்தேன். இரண்டு, மூன்று, நான்கு. நான்குக்குக் கீழே இன்னொரு வரி. எழுதும்போது கை எழுதியது, மூளை படிக்கவில்லை. ‘எண் 5. டீச்சர் வீடு. 20ஆம் தேதி.’

அன்று தேதி பன்னிரண்டு.

விசிலண்ணன் என் தோளுக்கு மேல் படித்தார். “லாட்டரி விழுந்ததை எழுதலை, பாஸ். விழப்போற தேதியை எழுதி வெச்சிருக்காங்க.”

தானாகத் தப்பித்த வீட்டுப் பூனையைக் கண்டுபிடிக்கத்தான் முடியும். ஆர்டர் கொடுக்க முடியாது. அனுமதி மறுத்தவர்களுக்குக் காட்ட டாக்டருக்கு ஒரு மடி தேவைப்பட்டது. டீச்சர் கொடுத்தார்.

“இவனை மட்டும் ஏன் ஒளிச்சீங்க?” என்று மறுபடி கேட்டேன்.

“போன தடவை ரத்தம் எடுத்தப்புறம் இவனைத் திரும்ப இருந்த இடத்துலயே விடச் சொன்னாங்க. எப்பவும் விடறதுதான். அன்னிக்கு வண்டியை விட்டு இறக்கினேன், என் விரலை நக்கினான். அவ்வளவுதான். அதுக்கப்புறம் என்னால அந்தக் கதவைத் திறந்து இவனை உள்ள விட முடியல. ஆறு வாரமா என் கூடத்தான் இருக்கான். கொண்டுபோனா மறுபடி உள்ள விடச் சொல்வாங்க. ஓடிப்போச்சுன்னு சொல்லிட்டேன்.”

‘திரும்ப உள்ளே விடச் சொன்னார்’ என்று எழுதினேன். டாக்டரின் கொடூரத்துக்கு இன்னொரு சான்று என்று நினைத்தேன். தெரிந்தவை கட்டத்தில் எழுதினேன்.

மணி இரண்டு பத்து. விசிலண்ணன் கைபேசியை எடுத்து வைத்துக்கொண்டார்.

“இப்பவே போலீசுக்குப் போன் பண்ணா?”

“வீட்டுக்கு சீல் வைப்பாங்க. டாக்டரைக் கையோட நிறுத்திடுவாங்க. ரத்தம் எடுத்து மருந்தாக்க வேற ஆள் கிடையாது. நாலு மணி தாண்டிடும்.”

“நாலுக்கு அப்புறம் பண்ணா?”

மூன்றாவது தட்டில் ஒரு சாம்பல் நிறக் குட்டி வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

“எந்த ரூட்டுல போனாலும் யாரையோ இறக்கி விட்டுட்டுத்தான் போகணும் போல,” என்றார் விசிலண்ணன்.

எங்களிடம் வந்தவர் தையல்காரம்மா. வழக்கு பஞ்சுவுடையது. “நாலுக்கு அப்புறம்,” என்றேன். சரியா என்று அப்போதும் தெரியவில்லை. நோட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்றும் தெரியவில்லை. எழுதவில்லை.

*

டீச்சர் பூனையைக் கூண்டில் வைக்க மறுத்தார். தானே தூக்கி வந்தார். காரில் வழி நெடுக அது அவர் மடியில் தூங்கியது. பாலத்தில் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்ததால் ஆஸ்பத்திரியை அடைய மூன்று பத்து ஆகிவிட்டது.

மூன்றாவது மாடியில் டாக்டர் பூனையைப் பார்த்தார். முதல்முறையாகச் சுவரை விட்டுக் கண்ணை எடுத்தார். பிறகு என் கையிலிருந்த இசை நோட்டைப் பார்த்தார். அவர் முகத்தில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஒரு பேனாவை எடுத்து, மூடியைச் சரிசெய்து, திரும்ப வைத்தார்.

“முதல்ல ரத்தம் எடுங்க,” என்றேன். “மத்ததை அப்புறம் பேசலாம்.”

“அதுதான் சரியான வரிசை,” என்றார் டாக்டர். என்னைப் பாராட்டுகிற மாதிரி சொன்னார். அந்தப் பாராட்டு இன்றுவரை என்னைவிட்டுப் போகவில்லை.

ஐந்து நிமிடம். கழுத்தில் ஊசி, ஒரு சின்னக் குழாய் ரத்தம், துணி வைத்து அழுத்தினார்கள். பூனை முனகவில்லை. டீச்சர்தான் முனகினார். மருந்தாக்குவதற்கு முன் ரத்தத்தில் எதிர்ப்பு எவ்வளவு என்று ஒரு காகிதப் பட்டையில் பார்க்க வேண்டுமாம். அரை மணி நேரம். டாக்டர் உள்ளே போனார்.

தாழ்வாரத்தில் நான்கு நாற்காலிகள். தையல்காரம்மா கண்ணாடியை விட்டு வந்து டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உங்க காலைக் கழுவித் தண்ணியைக் குடிக்கணும், டீச்சர். எப்படிக் கண்டுபிடிச்சீங்க இவனை?”

டீச்சர் கையை உருவிக்கொண்டார். “அப்படிச் சொல்லாதீங்க. உங்க குட்டிங்க...”

“என் குட்டிங்களுக்கு என்ன? ஒண்ணு பேக்கரிக்காரர் வீட்டுல இருக்குன்னீங்களே. ஒண்ணு மாடி வீட்டுல. ரெண்டு...”

“நாலுமே இல்ல.”

சொல்லிவிட்டார். நானோ விசிலண்ணனோ தடுத்திருக்க முடியாது, தடுக்கவும் இல்லை. எந்த அறை, எந்தக் கூண்டு, ஏன், எல்லாவற்றையும் மாணவருக்குப் பாடம் சொல்லும் அதே தாழ்ந்த குரலில் சொன்னார். தையல்காரம்மா குறுக்கிடாமல் கேட்டார். அளவு நாடாவைச் சுருட்டினார். மிகச் சிறிய சுருளாக, இதற்கு மேல் சுருட்ட முடியாது என்கிற வரை.

“எத்தனை நாள் இருந்துச்சுங்க?”

“மூணு, பத்து நாளைக்குள்ள போயிடுச்சு. காதுல கறுப்பு இருந்தது பதினெட்டு நாள்.”

“அதுதான் முரடு,” என்றார் தையல்காரம்மா. பிறகு சுருளைக் கைக்குள் மூடினார். “இப்ப அதைப் பேச வேணாம். அதுக்கு ஒரு நேரம் வரும், வரும்போது உங்க கழுத்தைப் பிடிக்கறேன். முதல்ல என் பஞ்சு.”

விசிலண்ணன் எழுந்து தாழ்வாரத்தின் கடைசிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

மூன்று ஐம்பதுக்கு டாக்டர் வந்தார். கையில் ஒரு வெள்ளைப் பட்டை. நடுவில் கோடு இருக்க வேண்டிய இடத்தில் தாள் வெறுமையாக இருந்தது.

“இந்த ரத்தத்துல ஒண்ணும் இல்ல,” என்றார்.

“ஒண்ணும் இல்லன்னா?” என்றேன்.

அவர் என்னிடம் பேசவில்லை. டீச்சரைப் பார்த்தார். “திரும்ப உள்ள விடச் சொன்னேனே. விட்டீங்களா, இல்லையா?”

டீச்சர் தலையசைத்தார். இல்லை.

“எத்தனை நாளா?”

“ஆறு வாரம்.”

டாக்டர் பட்டையை மடித்தார். “இவனோட எதிர்ப்பு தானா நிக்காது. நோய் பக்கத்துலயே இருக்கணும். மூச்சுல, தட்டுல, படுக்கையில. அது இருக்கற வரைக்கும்தான் ரத்தம் தயாரா நிக்கும். தனியா, சுத்தமா, சௌகரியமா வெச்சா மறந்துடும். மூணு வாரம் வரைக்கும்கூடப் பரவாயில்ல. ஆறு வாரம்னா...” அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. இதை எழுதும்போது அவர் மேல் எனக்குள்ள கோபத்தையும் மீறி அதைச் சொல்லியாக வேண்டும். “ரெண்டு வாரம் அந்த ரூம்ல விட்டா மறுபடி நிமிர்ந்துடும்.”

“பஞ்சு எத்தனை நாள் தாங்கும்?”

“நாளைக் காலை வரைக்கும்.”

நான் நோட்டைத் திறந்தேன். தெரிந்தவை கட்டத்தில் என் கையெழுத்தில் அது இருந்தது. ஏன் உள்ளே விடச் சொன்னார் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இரண்டு பத்துக்கே தெரிந்திருக்கும். இரண்டு பத்துக்கே போலீசுக்குப் போன் போயிருக்கும். விசிலண்ணன் தாழ்வாரக் கடைசியிலிருந்து என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் கைபேசியைக் காதில் வைத்தார். வீட்டு எண், தெரு, எத்தனை கூண்டு என்று சொல்வது கேட்டது. எந்த மெதுவும் இல்லாமல், பஸ் முழுக்கக் கேட்கிற குரலில்.

“அந்த நோட்டை மட்டும் போலீஸ்காரங்க ஈரமாக்காம பார்த்துக்குங்க,” என்றார் டாக்டர் என்னிடம். “எழுபது பூனையோட தகவல். இன்னொரு தடவை யாராலும் எடுக்க முடியாது.”

டீச்சர் மஞ்சள் பூனையின் முதுகில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தார். அது மூக்கை அவர் காதுக்குப் பின்னால் நுழைத்துச் சுகமாகக் குர்ரென்று முனகிக்கொண்டிருந்தது, அடுப்பில் வெந்நீர் கொதிக்கிற மாதிரி.

தையல்காரம்மா எழுந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்து நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். அவர் டீச்சரின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். பூனையின் காதுகளுக்கு நடுவே ஒரு விரலால், பழக்கமான கையோடு, மெல்லத் தடவிக்கொடுத்தார். சொன்ன நாளில் துணி தைத்துத் தராத உதவியாளிடம் கேட்கிற குரலில், அவ்வளவு அமைதியாகக் கேட்டார்.

“ஏன் டீச்சர், உங்களுக்கு இந்தப் பாசம் ஒரு ஆறு வாரம் கழிச்சு வந்திருக்கக் கூடாதா?”